ஐம்பத்தாறுக்குக் கிடைத்த தங்கம்

ஆறுமுகத்தாய்க்கு அறுபத்து நாலு வயது. பனவடலிசத்திரத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சங்கரன்கோவிலில் தெரிந்தவர்களுக்கு இன்றும் அவள் சத்துணவு டீச்சர்தான். கணவர் இல்லை. மகள் கோயம்புத்தூரில். சர்க்கரை வந்து ஒன்பது வருஷம்.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி வரிசையில் நின்று மாத்திரை வாங்குவாள். மனசில் வைத்திருக்கும் நாலு கேள்வியில் ஒன்று வாயைவிட்டு வருவதற்குள் டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். மீதி மூன்றைக் கேட்க அவளுக்கு வாய்த்த இடம் 'சர்க்கரையை வெல்வோம்' வாட்ஸ்அப் குழு. நூற்றெண்பது பேர், பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். அட்மின் வெங்கடசுப்பிரமணியன், தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். எந்த நேரம் எதைக் கேட்டாலும் பதில் போடுவார். வயசாகிட்டுல்லா என்று தள்ளிவிட மாட்டார்.

எட்டு மணிக்குள் எல்லோரும் விரலில் குத்திப் பார்த்த எண்ணைக் குழுவில் போட வேண்டும். யாருடையது குறைவோ அவர் 'இன்றைய தங்கம்'. மாத்திரை போட்டுவிட்டுப் பதினோரு மணிவரை பாகற்காய்ச் சாறு மட்டும் என்பது அட்மின் சொன்ன முறை.

போன மாதம் ஆறுமுகத்தாய் அறுபத்தொன்று போட்டுத் தங்கமானாள். எண்பது பேர் கைதட்டினார்கள். அன்று பத்து மணிக்கே மார்க்கெட்டில் கண் இருட்டி விழுந்தாள். பழக்கடை எபினேசர்தான் தூக்கி உட்காரவைத்து, சீனி அள்ளிப்போட்ட டீயைக் குடிக்கவைத்தார். "கூடுறது மெதுவாத்தான் கெடுக்கும், கொறைஞ்சா ஆளையே கொண்டுபோயிரும்" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் திட்டினாள். அதிலிருந்து காலையில் இட்லி சாப்பிட்டுத்தான் மாத்திரை. குழுவில் மட்டும் சொல்லவில்லை. எண்பது பேர் கைதட்டிய பிறகு எப்படிச் சொல்வது? நலம் விசாரித்தவர்களுக்கு 'நல்லாருக்கேன்' என்று போட்டுவிட்டாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை தங்கம் வாசுதேவநல்லூர் கனகலட்சுமிக்கு. ஐம்பத்தாறு. ஒன்பதரைக்கு அவளே மறுபடி எழுதியிருந்தாள்: 'தல கிறுகிறுங்குது. கை நடுங்குது. படுக்கட்டா?' அட்மின் பதில் போட்டிருந்தார்: 'கழிவு இறங்குது. பதினொண்ணு வரை பொறுக்கவும்.' அதன் கீழே பத்துப் பூங்கொத்து. கனகலட்சுமியிடமிருந்து அப்புறம் ஒன்றும் வரவில்லை.

ஆறுமுகத்தாய் பார்த்தபோது மணி பத்தேகால். உடனே போன் அடித்தாள். மூன்றாவது தடவைதான் எடுத்தார்கள். கனகலட்சுமியின் கணவர் செல்லப்பா.

"சத்துணவு டீச்சரா? அவ படுத்திருக்காளே."

"எழுப்புங்க அண்ணாச்சி."

"இப்பத்தான் கண்ணசந்தா. வேர்த்து ஊத்துது பாவம். கழிவு எறங்குதாம்லா."

"எழுப்பி சீனித்தண்ணி குடுங்க."

"நல்ல கதையா இருக்கே. சக்கரை வியாதிக்காரிக்குச் சீனியா? தாலுகா ஆபீஸ்காரவ பதினோரு மணிங்காவ."

"அவரு சொன்னது தப்பு."

"ஒங்களுக்கு அறுபத்தொண்ணு வந்து நல்லாருக்கேன்னு போட்டியள்லா. அதைக் காட்டித்தான் இவ பட்டினி கெடக்கா. டீச்சரே கெடக்காவ, எனக்கென்னங்கா."

"நான் சொன்னது பொய் அண்ணாச்சி. அன்னைக்கு மார்க்கெட்டுல விழுந்துட்டேன். சீனி போட்ட டீ குடிச்சுத்தான் எந்திச்சேன். வெக்கப்பட்டுச் சொல்லாம விட்டேன். நீங்க அவள எழுப்பிப் பாருங்க."

"ஏட்டி கனகு" என்ற குரல் தள்ளிக் கேட்டது. மறுபடி. மறுபடி. செல்லப்பா திரும்பி வந்தபோது குரலே மாறியிருந்தது.

"கண்ணத் தொறக்கா. என்னைய யாருன்னு கேக்கா டீச்சர்."

"நிமிர்த்தி உக்கார வையுங்க. முழுங்குதாளா?"

"எச்சிய முழுங்குதா."

"சீனியக் கெட்டியாக் கரைச்சு, கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க. முழுங்கலன்னா ஊத்தாதீங்க, பொரையேறிரும்."

டப்பாக்கள் உருளும் சத்தம். "சீனியே இல்லியே. வெல்லம், கருப்பட்டி எல்லாத்தையும் குரூப்புல சேந்த அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டா."

"பக்கத்து வீட்டுல கேளுங்க. நூத்தியெட்டுக்கும் அடிக்கச் சொல்லுங்க. போனை வைக்காதீங்க."

"ஏ ரூபியா" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே செல்லப்பா ஓடினார். போன் எங்கேயோ கிடந்தது. கனகலட்சுமி ஏதோ முனகுவது மட்டும் கேட்டது. "கனகு, தூங்கிராத, கனகு" என்று ஆறுமுகத்தாய் இங்கிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். காதில் விழுந்ததா, தெரியாது. காலடிச் சத்தம். டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம். ரொம்ப நேரம் கழித்து ஒரு பெண் குரல்: "குடிக்காவ. பாதி குடிச்சுட்டாவ."

ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் ஆறுமுகத்தாய் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

சாயங்காலம் செல்லப்பா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்களாம். போனை மனைவியிடம் கொடுத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா யக்கா" என்றாள் கனகலட்சுமி. குரலில் தெம்பில்லை, கோபம் இருந்தது.

"ஆமா. சொல்லியிருக்கணும்."

அன்றே ஆறுமுகத்தாய் தான் விழுந்ததையும் மறைத்ததையும், இன்று நடந்ததையும் குரல் பதிவாகக் குழுவில் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் அதைக் காணோம். அட்மின் கூப்பிட்டார்.

"டீச்சர், நூத்தியெண்பது பேரையும் பயங்காட்டுதியளே."

"பயப்படட்டும் அண்ணாச்சி. நீங்களும் கொஞ்சம் பயப்படுங்க."

மறுபடி போட்டாள். குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது, அவளுக்கென்று தனியாக நாலு செய்தி வந்திருந்தது. ஒன்று புளியங்குடிக்காரர் ஒருவருடையது: 'எனக்கும் ரெண்டு நாளா நடுக்கம் இருக்கு. அங்கன கேக்கக் கூச்சம். என்ன செய்ய?'

எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை என்று அவள் அந்த எண்ணையே அழைத்தாள்.

"மெஷின்ல இப்ப எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றாள். "காலையில மொத வேலையா டாக்டரப் போய்ப் பாக்கணும். எங்கிட்டக் கேட்டுட்டு அப்படியே இருந்துராதீங்க."