ஆறு நாள், ஆறு முதலாளி

போன ஞாயிறு மதியம் என் வீட்டு மேசையில் முதலாளித்துவமும் ஜனநாயக சோஷலிசமும் எதிரெதிரே உட்கார்ந்து சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டன.

முதலாவது, வெள்ளவத்தையிலிருந்து வந்த என் மருமகன் ரமேஷ். பாங்க்கில் வேலை. இரண்டாவது, என் தம்பி அந்தோனி. துறைமுகத்தில் யூனியன், யூனியன் என்றே பென்ஷன் வரை போனவன். சண்டை எதற்கு? என் இடியப்பத்துக்கு.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய சந்தில், ஆறு பெண்கள் சேர்ந்து இடியப்பம் அவிக்கிறோம். திங்கள் முதல் சனி வரை ஆளுக்கு ஒரு நாள். யாருடைய நாளோ அவள்தான் மா குழைப்பாள். அன்றைய வியாபாரமும் அவளுக்கே. மற்ற ஐந்து பேரும் பிழிந்து கொடுப்போம். சனி என்னுடையது. அதற்கென்றே ஜிந்துப்பிட்டியிலிருந்து ஆள் வரும். பெருமைதான்... இருந்தால் என்ன?

கல்கிசையில் ஒரு ஹோட்டல் மனேஜர் தினமும் எங்களிடம் எடுக்கிறேன் என்றார். ஆனால் ஒப்பந்தம் என் ஒருத்தியின் பெயரில் வேண்டுமாம்.

"சைன் பண்ணுங்கோ மாமி," என்றார் ரமேஷ். "கெட்டிக்காரருக்குத்தான் பிஸ்னஸ். மற்றவைக்கு நாட்கூலி குடுங்கோ."

"அது பாங்க் புத்தி," என்றான் அந்தோனி. "அக்கா, சங்கமாப் பதிஞ்சு எல்லாத்தையும் சமனாப் பிரியுங்க."

"அப்ப என்ர மாவும் மற்றவளின்ர மாவும் ஒண்டாடா?"

அவன் மீன் முள்ளைத் தேடினான். நான் மருமகன் பக்கம் திரும்பினேன்.

"கை முறிஞ்ச பிலோமினாவுக்கு என்ன கூலி தம்பி குடுக்கிறது?"

பிலோமினா படியில் விழுந்து வலக்கை முறிந்து ஒரு மாதம். வியாழன் அவள் நாள். பக்கத்தில் நின்று உப்பும் தண்ணீரும் அவள் சொல்வாள். நாங்கள் குழைத்துப் பிழிவோம். எல்லா நாளும் என் பெயருக்கு வந்தால் அந்த வியாழன் போய்விடும்.

முதலாளியாகும் ஆசை எனக்கு இல்லையா? இருந்தது. ஞாயிறு முழுக்க இருந்தது.

திங்கள் மனேஜரிடம் சொன்னேன்: "சனிக்கு மட்டும்தான் நான் சைன் வைப்பன். மற்ற நாளுக்கு அந்தந்த ஆக்கள் வைப்பினம்."

"ஆறு பேரோட கதைக்க எனக்கு எங்க அம்மா டைம்?"

"அப்ப வேற இடம் பாருங்க மகன்."

போய்விட்டார். "எனக்காகக் கெடுத்துப்போட்டீங்களே அக்கா," என்று பிலோமினா அழுதாள். 

வெள்ளிக்கிழமை மனேஜர் திரும்பி வந்தார். வேறு மூன்று இடங்களில் வாங்கிப் பார்த்தாராம். கையில் ஆறு ஒப்பந்தக் கடதாசி.

ரமேஷ் போன் எடுத்தார். "பாத்தீங்களா மாமி, இதுதான் போட்டி."

அந்தோனி நேரிலேயே வந்தான். "பாத்தீங்களா அக்கா, இதுதான் ஒற்றுமை."

இருவருக்கும் ஓம், சரிதான் என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் பெரிய ஆட்களின் சண்டையில் ஏன் தீர்ப்புச் சொல்ல வேண்டும்?

பிலோமினா இடக்கையால் கையெழுத்து வைத்தாள். எழுத்து கோணல்தான். வியாழக்கிழமை அவளுடையது.