கருமந்தி பார்த்த பக்கம்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். போன மே மாதம் வால்பாறையில் எங்களுக்கே நடந்தது இது. என் வீட்டுக்காரர் நிதீஷ் சாட்சி. அந்தப் பேச்சை எடுத்தாலே மனிதர் எழுந்து போய்விடுகிறார்.

சிறுத்தை பார்க்காமல் சிங்காநல்லூர் திரும்பக் கூடாது என்று அடம் பிடித்தது நான்தான். மூன்று நாளாகக் கண்ணில் பட்டது மலையணிலும் மழையும்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசிச் சாயங்காலம் வழிகாட்டி சாமுவேல் எங்கள் காரிலேயே ஏறிக்கொண்டார். தேயிலைக்காட்டை ஒட்டிய சோலையில் இறங்கி நின்றோம்.

"கருமந்திக் கொரங்கு கத்துனா சிறுத்தை பக்கத்துல இருக்குதுங்க. அது பாக்குற பக்கமே பாருங்க அம்மணி."

5.40. மரத்தின் மேலிருந்து... ஹூ... ஹூ... ஹூ.

சந்தோஷத்தில் அண்ணாந்து பார்த்தேன். ஏழெட்டுக் கருமந்திகள். எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன.

என் ஆறு வயது மகள் யுவஸ்ரீயை.

"ஏனுங்க சாமுவேல், எதுக்கு எம்புள்ளையவே பாக்குது?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "கார்ல ஏறுங்க. பாப்பாவ உட்றாதீங்க."

நிதீஷ் காரை விரட்டினார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். அப்படியும் கத்தல் கூடவே வந்தது. ஒரு மரத்தில் நின்றால் அடுத்த மரத்தில்...

பின் சீட்டில் நானும் யுவஸ்ரீயும் மட்டும்.

"அம்மா, கை வலிக்குது. உடச் சொல்லு."

"நான் புடிக்கலையே கண்ணு."

"நீ இல்ல. இந்தப் பாப்பா."

அந்தப் பக்கம் யாருமில்லை. ஆனால் என் மகளின் கை அந்தரத்தில் நின்றது. இழுத்தேன்.

வரவில்லை.

"நிறுத்துங்க," என்றார் சாமுவேல். இறங்கினார். பின் கதவைத் திறந்தார்.

"எறங்கு கயலு. ஊட்டுக்குப் போலாம்."

கை சட்டென்று விடுபட்டது. யுவஸ்ரீ என் மடியில் விழுந்தாள். சாமுவேல் ஒரு பக்கமாகக் குனிந்தபடி, யாரையோ கைபிடித்துக் கூட்டிப்போவது போல, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளை நோக்கி நடந்தார்.

மறுநாள் காலை காபி கொண்டுவந்த விடுதிச் சமையல்காரர் காளிச்சாமிதான், நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சாமுவேலு புள்ள கயல்விழியப் போன வருசம் அந்த எடத்துலதானுங்க சிறுத்தை தூக்கிட்டுப் போச்சு."

அழுதுவிட்டேன். "பாவம், அந்தக் கொழந்தையப் பாத்துத்தான் கருமந்தி கத்துச்சுங்களா?"

"புள்ளையப் பாத்தெல்லாம் கத்தாதுங்க. சிறுத்தையப் பாத்தாத்தான்."

அப்போதுதான் உறைத்தது. அந்தக் குழந்தை இறங்கிப் போன பிறகும், விடுதி வாசல் வரை கத்தல் எங்கள் காரை விடவில்லை.

முன்பெல்லாம் எங்கள் தெரு நாய்கள் இந்தக் காருக்கு அடியில்தான் படுக்கும். இப்போது ஒன்றுகூடக் கிட்டே வருவதில்லை.