அய்யாத்துரை அண்ணாச்சியின் சூட்டுப் பெட்டி

காலையில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. திரையில் அண்ணாச்சி பெயர். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால் வம்பிழுக்கத்தான் கூப்பிடுவார். எடுத்ததுமே, "என்ன அண்ணாச்சி, வெள்ளனே வாயாட ஆள் கெடைக்கலையா?" என்று கேட்டேன். மறுமுனையில் பேசியது அவர் மனைவி பேச்சியம்மா மதினி. "தங்கச்சி, அவிய போயிட்டாவ" என்றார். காபி கேட்டிருக்கிறார். மதினி ஆற்றிக் கொண்டுவருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாராம்.

நம் நாட்டுக்கோழி வளர்ப்போர் குழுவில் அய்யாத்துரை அண்ணாச்சியை அறியாதவர்கள் இல்லை. கோவில்பட்டியில் அவர் வீட்டு முன்னறையில் நிற்கிற பொரிப்புப் பெட்டியில்தான் நம்மில் பாதிப் பேரின் கோழிகள் கண் விழித்தன. அதனால் அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலை எட்டயபுரத்திலிருந்து பஸ் ஏறியபோது என் மனதில் இரண்டு துக்கம் இருந்தது. ஒன்று அண்ணாச்சி. மற்றொன்று அவர் பெட்டிக்குள் இருந்த என் முட்டைகள். அவை பொரிக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. என் கோழிகள் அத்தனையும் நோயில் செத்துப்போய், அவற்றின் மிச்சம் என்று இந்த உலகத்தில் இருந்தது அந்த முட்டைகள் மட்டும்தான். இழவுக்குப் போகிற வழியில் முட்டையை நினைக்கிறாளே என்று யாராவது சொல்லலாம். அண்ணாச்சி சொல்லமாட்டார். என் இடத்தில் அவர் இருந்தால் முட்டையைத்தான் முதலில் நினைத்திருப்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு சித்திரையில். எங்கள் வீட்டில் ஆடு பரம்பரை, கோழி என் சேர்மானம். அந்த வருட வெயிலில் ஒரு கோழிகூட அடை உட்காரவில்லை. கோவில்பட்டியில் ஒருவர் பெட்டி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தவிட்டில் முட்டைகளைப் புதைத்து மடியில் வைத்துக்கொண்டு போனேன். பேர், ஊர் எதுவும் கேட்காமல் அவர் கேட்ட முதல் கேள்வி, "பஸ்ஸுல எந்த சீட்டுல உக்காந்து வந்தீய?" கடைசி சீட்டு என்றேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கடைசி சீட்டா! நம்ம ரோட்டுல கடைசி சீட்டுல வந்தா மனுசனுக்கே கொடல் எடம் மாறுதே. முட்டைக்கு அலுப்பு இருக்காதா? ஒரு நாள் உறங்கட்டும், நாளைக்குப் பெட்டியில வைக்கேன்" என்று கூர்முனை கீழே இருக்கும்படி தட்டில் அடுக்கி, மேலே துண்டைப் போர்த்தினார். முட்டைக்கு உறக்கமாம், போர்வையாம். கிறுக்கு மனிதரிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். குஞ்சுகள் வந்து நின்றபோது அந்தக் கிறுக்கு எனக்கும் பிடித்துவிட்டது.

அவருடைய பெட்டி ஒரு பழைய ஃபிரிட்ஜ். தம்பிமாரோடு சேர்ந்து தீப்பெட்டித் தொழில் பார்த்தவர், அதில் மனம் ஒட்டாமல் வெளியே வந்து, உருப்படியாகச் செய்த முதல் காரியம் வீட்டு ஃபிரிட்ஜின் குடலை உருவியதுதான். அது அப்போது ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் என்பார் மதினி. பழுதான ஃபிரிட்ஜ் என்பார் அண்ணாச்சி. அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை. உள்ளே பல்பு, காற்றைச் சுற்றிவிட ஒரு சின்ன விசிறி, ஈரத்துக்குத் தண்ணீர்த் தட்டு, முட்டைகளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்க்க ஒரு மோட்டார், சூடு ஏறினால் அணைத்து இறங்கினால் ஏற்றும் ஒரு கருவி. "குளுரப் பண்ணுதத எவன் வேணாலும் விப்பான். அதச் சூடாக்குனவன் நான் ஒருத்தன்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். மதினி அடுக்களையிலிருந்து, "தண்ணி குளுர எனக்கு மண்பானைதான்" என்பார்.

பீற்றல்தான் அவருக்கு எதிரி. பொரிக்கிற கடைசி மூன்று நாள் பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் போய்விடும், ஓட்டுக்குள் இருக்கிற சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். இதை ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர்தான். ஆனால் தொடக்கத்தில் யார் வந்தாலும், "உள்ள சத்தம் கேக்குதா? பாருங்க, பாருங்க" என்று கதவைத் திறந்து காட்டியே ஒரு பெட்டி முட்டையைத் தீர்த்துவிட்டார். பாதி கீறிய ஓட்டுக்குள் காய்ந்து கிடந்த குஞ்சுகளைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். பிறகு அந்தக் கதவில் ஓட்டை போட்டுக் கண்ணாடி பதித்தார். அதற்கு எதிரே ஒரு நாற்காலி. பொரிக்கிற நாட்களில் அவருக்கு ஊண், உறக்கம் எல்லாம் அங்கேதான். "கல்யாணம் ஆன நாளையிலேருந்து எம் மூஞ்சிய இப்பிடி ஒரு தடவ பாத்திருப்பாவளா, கேளு தங்கச்சி" என்று மதினி என்னிடம் முறையிடுவார். "நீ ஓட்டுக்குள்ள இருந்தா பாத்திருப்பேன்" என்பார் அவர்.

நம் ஊர்க்காரர்கள் செய்த கூத்து ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. கோயில் கொடை விழாவுக்கு நேர்ந்துவிடச் சேவலும் அதில் கிடைக்கும் என்று ஒரு முறை பல வீட்டுக்காரர்கள் சேர்ந்து முட்டை கொண்டுபோனோம். கலந்துவிடக் கூடாதே என்று அவரவர் முட்டையில் அவரவர் அடையாளம். ஒருவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார், ஒரு அம்மாள் புள்ளிக்கோலமே போட்டார், ஒருவர் தம் கட்சியின் சின்னத்தைப் பென்சிலால் வரைந்திருந்தார். நாங்கள் எல்லோரும் படித்த முட்டாள்களும் படிக்காத முட்டாள்களுமாக இருந்திருக்கிறோம். பொரித்த அன்று போய் நின்றபோது அடையாளம் எல்லாம் ஓட்டில் இருந்தது. குஞ்சுகள் ஒரே கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. கறுப்பு என்னுது, செவலை என்னுது என்று அந்த முன்னறையே சந்தையாகிவிட்டது. சாமிக்கு நேர்ந்தது என்று ஒருவர் எகிறினார். அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழவே இல்லை. "சரி, இப்பிடிச் செய்வோம். ஆரு ரொம்பச் சத்தம் போடுதாவளோ, அவிய கடைசியா எடுத்துக்கிடுங்க" என்றார். அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நாக்கு உள்ளே போய்விட்டது. அடுத்த முறையிலிருந்து பொரிக்கிற தட்டில் வீட்டுக்கு ஒரு வலைத் தடுப்பு வைத்தார். வாங்கிப்போன குஞ்சுகளில் இன்னும் யார் வீட்டில் யாருடையது வளர்கிறதோ தெரியாது.

இவ்வளவு கேலி பேசுகிறவர் கேலி பேசாத ஒரு நாளையும் நான் பார்த்தேன். வெள்ளைக்கழிச்சல் வந்து என் கோழிகள் அடுத்தடுத்து விழுந்தன. காலையில் கூடையைத் தூக்கினால் கால் விறைத்துக் கிடக்கும். மருந்து போட்டவை, போடாதவை எல்லாம் போயின. கூடு காலியான பிறகு, நோய் வருவதற்கு முன் எடுத்து வைத்திருந்த முட்டைகள் பானையில் இருப்பது ஞாபகம் வந்தது. அதைக் கொண்டுபோய், "இதுதான் அண்ணாச்சி மிச்சம்" என்று வைத்தேன். மற்றவர்கள் முட்டையோடு சேர்த்து வைக்க முடியாது, நோய் கண்ட வீடு. பக்குவமாக ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். முட்டை கொண்டுவருவதாக இருந்த ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு, "இந்தத் தடவ வேண்டாம், பெட்டிக்கு ஒரு சோலி இருக்கு" என்றார். அவ்வளவு பெரிய பெட்டி என் முட்டைகளுக்காக மட்டும் ஓடியது. எனக்கு அழுகை வந்தது. "அழுதா முட்டையில ஈரம் கூடிப்போவும், வெளிய போய் அழு" என்றார். கேலி திரும்பிவிட்டதே என்று எனக்கு நிம்மதி.

அந்த முட்டைகளை அவர் கடைசி மூன்று நாளுக்கென்று பொரிக்கிற தட்டுக்கு மாற்றிய மறுநாள் காலைதான் போய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஒரே மகள் ஓசூரில் இருக்கிறாள், வந்துசேர சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை வைத்திருக்க ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. அதை இணைத்ததும் டப்பென்று வீட்டு மின்சாரம் முழுக்கப் போய்விட்டது. பியூஸ் போட்டுப் பார்த்த சொந்தக்காரர், "இந்த வீட்டு வயரு ரெண்டையும் தாங்காது. ஒண்ணு ஐஸ் பெட்டி, இல்லைன்னா கோழிப் பெட்டி" என்றார். அண்ணாச்சியின் சித்தப்பா, முறுக்கு மீசை வைத்த பெரியவர், "இழவு வீட்டுல அடுப்பே பத்தவைக்கக் கூடாது. இது கரண்டு அடுப்புதானலே. அமத்துங்க" என்றார். அது யார் முட்டை என்று அங்கே பலருக்குத் தெரியாது. மகள் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. நானே போய் மதினி காதில், "அமத்திருங்க மதினி. எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

மதினி கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்க அந்தப் பெட்டியைத் திட்டினவர். அதன் நாற்றம், அதன் இரைச்சல், அது தின்கிற கரண்டு, எல்லாவற்றையும் திட்டினவர். பிளக்கைப் பிடுங்கக் குனிந்த ஆளைப் பார்த்து, "அதத் தொடாதீங்க" என்றார். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மாமா, இனி மூணு நாளைக்கு இதத் தொறக்காத பேச்சின்னு நேத்து சொன்னாவ. அவிய எங்கிட்ட விட்டுட்டுப் போன சோலி அது ஒண்ணுதான். நாஞ் செய்யுதேன். அவியளுக்கு வேற வழி பாருங்க" என்றார்.

எதிரே இருந்த டீக்கடைக்காரர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய் ஐஸ் கட்டைகளும் இரண்டு மூட்டை மரத்தூளும் கொண்டுவந்தார். அந்தக் காலத்து முறையில் கட்டிலுக்கு அடியிலும் பக்கத்திலும் அடுக்கினோம். கரையக் கரைய மாற்றினோம். ஒரு பக்கம் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, மூன்று முழம் தள்ளி அந்தப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. மகள் வந்து முகம் பார்த்தாள். அதன்பிறகே எடுத்தார்கள்.

மறுநாள் மயானத்தில் பால் தெளித்துவிட்டு எல்லோரும் திரும்பியபோதும் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். பந்தலில் ஆண்கள், உள்ளே பெண்கள். பேச்சு ஓய்ந்திருந்த நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து மெல்லக் கீச்சென்று ஒரு சத்தம். மதினி எழுந்துபோய்க் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, வழக்கமான அதே குரலில், "ஏங்க, ஓடி வாங்க, கீறல் விழுந்திருச்சு" என்று கூப்பிட்டார்.

கூப்பிட்ட வாயைக் கையால் பொத்திக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் மதினி. அப்போதுதான் அழுதார். மகள் வந்து பிடித்துக்கொண்டாள், நானும் பிடித்துக்கொண்டேன். அமத்தச் சொன்ன சித்தப்பாதான் வெளியிலிருந்து முதலில் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏலே, அந்தா இன்னொண்ணு" என்றார்.

என் கோழிகள் திரும்பி வந்துவிட்டன. மறுநாள் அட்டைப்பெட்டியில் அவற்றை அடுக்கிக்கொண்டு கிளம்பும்போது, தட்டில் சில முட்டைகள் மட்டும் அசையாமல் கிடந்தன. மற்ற பொரிப்பாளர்கள் அந்த நேரத்தில் தட்டைக் கவிழ்த்துக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். அண்ணாச்சி கொட்டமாட்டார். "பிந்தி வாரதும் நம்ம பிள்ளதான். இன்னொரு நாள் பாப்போம்" என்று பெட்டியை ஓடவிடுவார். அந்த இன்னொரு நாளில் வந்த குஞ்சுகள் நம் வீடுகளில் உண்டு. மதினி அந்த முட்டைகளை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்தான். அவர் இன்னொரு நாள் இருந்திருக்கலாம். இரண்டு நாள் கழித்துப் போயிருந்தால் என் குஞ்சுகளையாவது பார்த்திருப்பார், பார்த்துவிட்டு ஏதாவது பீற்றியிருப்பார். அந்தப் பீற்றலைக் கேட்க மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. நேற்றும் மதினிக்குப் போன் போட்டேன். அவர் குரலுக்குப் பின்னால் விசிறி இரைவது கேட்டது. "பெட்டி இன்னுமா ஓடுது மதினி?" என்று கேட்டேன்.

"ஓடுது. இன்னொரு நாள் பாப்போம், தங்கச்சி."

அந்த முட்டைகள் இனிப் பொரிக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பாப்போம் மதினி" என்றேன்.