மூன்று நொடி மீன்கூடை

இதில் வரும் செய்திகளைக் கைப்பேசியிலுள்ள நான்கு ஒளிப்பதிவுகளோடும் என் பணிக் குறிப்பேட்டோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுதுகிறேன். எங்கள் அலுவலக உணவகத்தில் இந்நிகழ்ச்சி சொல்லப்படுந்தோறும் கூடை பெரிதாகிக்கொண்டே வருகிறது. அண்மையில் சேர்ந்த ஒருவர், நான் கூடையோடு கோவளம் கடலில் விழுந்ததாகக் கேள்விப்பட்டு நலம் விசாரித்தார். நான் விழவில்லை. நிகழ்ச்சி நடந்தது வண்டி நிறுத்துமிடத்தில்.

தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்துவந்த தற்காலிகப் பணியை விட்டு, மாலை வகுப்பில் அனிமேஷன் எனப்படும் அசைவூட்டக் கலையைக் கற்று, நாற்பத்தொன்றாம் வயதில் நாவலூரிலுள்ள ஓர் அசைவூட்ட நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அதன் முடிவில் ஒரு காட்சியைக் கொடுத்தார்கள்: மீன் விற்கும் பெண் தரையிலிருக்கும் அன்னக்கூடையைத் தூக்கித் தலையில் வைக்கிறாள். மீன்குழம்புத் தூளுக்கான விளம்பரம், மூன்றே நொடி. அது தேறினால் பணி நிரந்தரம். தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்; கல்லூரியில் என் இடத்துக்கு அதற்குள் வேறொருவர் வந்துவிட்டார்.

கணினியில் வரைந்த கூடைக்குக் கனம் கிடையாது. அதைத் தூக்கும் உடல்தான் கனத்தைச் சொல்ல வேண்டும். கண் முதலில் கூடையைப் பார்க்கும். தலை பிறகே திரும்பும். மேலே எழப்போகும் உடல் அதற்குமுன் கீழே தாழும். கனம் மிகுந்தால் அந்தத் தாழ்வும் நீளும். உடல் நின்ற பின்னும் சேலைத் தலைப்பு சற்று ஆடித்தான் ஓயும். பாடத்தை இப்படிக் கற்றிருந்தும், காணாத ஒன்றை இட்டுக்கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. பின்தெருக் குடியிருப்புகளுக்கு மீன் கொண்டுவரும் ஓர் அக்காவின் இசைவு பெற்று, அவர் கூடை தூக்குவதைக் கைப்பேசியில் பதிந்தேன்.

"புல்லா ஐஸு கீது சார், சோக்கா புடி" என்றபடி துணியைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்தார். தம்மை இறக்கிவிட்டுக் காலை உரசுவதுபோல் வண்டியைத் திருப்பிய ஆட்டோக்காரரைப் பார்த்து, "வாயேன், என் கால் மேலயே ஏத்திக்கினு போ!" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கூடை தலைமேல் இருந்தது. கூடையை அவர் பார்க்கவே இல்லை.

எட்டு நாள், நொடிக்கு இருபத்துநான்கு படம் வீதம், சட்டகம் சட்டகமாக அதை அவ்வாறே வரைந்தேன். என்னினும் மிக இளையவரான மேலாளர் பார்த்தார்.

"சார், கூடை காலியா இருக்கற மாதிரி இருக்கு. வெயிட்டே ஃபீல் ஆகல."

மூலப் பதிவைக் காட்டினேன். மும்முறை பார்த்துவிட்டு, "இந்த அக்காவே தப்பா பண்றாங்க சார்" என்றார்.

"அவங்க தினமும் தூக்கறவங்க."

"அதான் ப்ராப்ளம். பழகிட்டாங்க. நாளன்னிக்குள்ள வேற ரெஃபரன்ஸ் வச்சுப் பண்ணுங்க. இல்லன்னா உங்களுக்காக என்னால பேச முடியாது சார்."

எங்கள் தொழிலில் வழியற்ற நேரத்தில் தாமே நடித்துப் பதிந்துகொள்வது வழக்கம். உணவகத்து அன்னக்கூடையில் இரண்டு பழைய விசைப்பலகைகளையும் ஒரு தலைக்கவசத்தையும் இட்டு, துண்டைச் சும்மாடாக்கிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்தில் நின்றேன். உடன் பணியாற்றும் நண்பர் கைப்பேசியைப் பிடித்தார்.

"மூஞ்சி ஓகே சார். முட்டிதான் நடிக்குது. இன்னும் கஷ்டப்படுங்க!"

இரண்டாம் பதிவு முழுதும் பயனற்றது. மூன்றாவதில் கூடை மார்பளவு வந்தபோது இடுப்பு உண்மையாகவே பிடித்துக்கொண்டது. நான் அலறினேன்.

"சூப்பர் சார், அதான்! அப்படியே தலைக்கு!"

காவலாளி ஓடிவந்தார். "இன்னா பேஜாரு இது? வயசான சாரைப் போயி தூக்க வச்சிக்கினு! குடு சார்." கூடையை இரு விரலால் வாங்கிக்கொண்டு அவர் நடந்ததும் பதிவில் இருக்கிறது. அப்பகுதியை நான் பயன்படுத்தவில்லை.

இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, நின்றவாறே இரண்டு நாளில் புதிதாக வரைந்தேன். மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இதான் சார் லைஃபு! உள்ள எவ்ளோ மீன் இருக்குன்னே தெரியுது!" விளம்பரம் கொடுத்தவரும் மறுபேச்சின்றி ஏற்றார். மறுவாரம் பணி நிரந்தர ஆணை வந்தது.

முடிந்த காட்சியை மீன்கார அக்காவிடம் காட்டினேன். முகம் மாறிவிட்டது.

"இன்னா சார், இந்தப் பொண்ணு மாசமா கீதா? எறக்கச் சொல்லு மொதல்ல! இப்டித் தூக்குனா தெருமுனைக்குப் போறதுக்குள்ள மீனு நாறிடும்."

அது என் உடல்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப சர்தான்" என்று சொல்லிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இப்போது அலுவலகத்தில் எரிவாயு உருளை, சிமெண்டு மூட்டை என்று கனமானதைத் தூக்கும் காட்சி எது வந்தாலும் என்னிடமே தருகிறார்கள்.

எட்டு நாள் வரைந்த முதல் வடிவம் விளம்பரம் கொடுத்தவருக்குக் காட்டப்படவே இல்லை. காட்டியிருந்தால் அவர் அதை நம்பியிருப்பாரா, என் வேலை நிலைத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது.