இங்கிதத்துக்கு நெடில் கிடையாது

லிஃப்ட் வாசலில் புதிதாக ஒட்டியிருந்த தாளில் 'இங்கு காத்திருக்கவும்' என்று இருந்தது. அக்கா தோள்பையை இறக்காமலே சிவப்புப் பேனாவை உருவி, நடுவில் ஒரு 'க்' போட்ட பிறகுதான் உள்ளே காலை வைத்தார்.

எங்கள் பதிப்பகத்தில் இருபத்திரண்டு வருடங்களாக மெய்ப்புப் பார்க்கிறவர். விட்டுப்போன ஒற்றெழுத்தையெல்லாம் தேடிப் போடுவதால் முதுகுக்குப் பின்னால் 'ஒற்றக்கா' என்போம். அது அவருக்கும் தெரியும். "பிரிக்காம சேர்த்துத்தானே கூப்பிடறீங்க? சந்தி சரியா இருக்கு, கூப்பிட்டுக்கோங்க" என்று அனுமதியும் தந்துவிட்டார். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, உதடு அசைய வாசிப்பார். டீ ஆறி ஏடு கட்டிக் கிடக்கும். எப்பேர்ப்பட்ட எழுத்தாளரும் அவர் மேசை முன் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

அவருக்கென்று இருப்பது ஒரே தங்கை. அவளும் பேசி ஏழு மாதமாகிறது. தங்கை தன் மகள் எழுதிய முதல் கவிதையைச் சட்டம் போட்டு மாட்டி, நாலு பேரை விருந்துக்கு அழைத்திருந்தாள். அத்தனை பேர் எதிரிலும் இவர் கவிதையில் இருந்த ஒரு பிழையைச் சுற்றிச் சட்டத்தின் கண்ணாடி மேலேயே சிவப்பு வட்டம் போட்டுவிட்டார்.

"உனக்கு இங்கீதமே கிடையாதாக்கா?" என்று தங்கை வெடித்தாள்.

"இங்கீதம் இல்லடி, இங்கிதம். சங்கீதத்துக்குத்தான் நெடில்."

அதோடு பேச்சு நின்றது.

"நான் சொன்னதுல என்ன தப்பு?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். "வடமொழிச் சொல்லு அது. உடம்போட அசைவுன்னு அர்த்தம். மனசுல இருக்கறதைக் காட்டிக்குடுக்கற குறிப்பு. அந்தக் குறிப்பைப் பார்த்து நடந்துக்கறதுக்கே பிறகு அந்தப் பேரு வந்துடுச்சு." ஸ்கேலை இரண்டு வரி இறக்கினார். வாசிக்கவில்லை. "அந்தப் பொண்ணு மூஞ்சி சுண்டிப்போச்சு. அதை நான் பார்க்கவே இல்ல பாரு."

நேற்று மதியம் தங்கையே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். மேசை முன் நின்று, கைப்பை வாரைத் திருகித் திருகி விட்டாள்.

"இங்கீதமெல்லாம் உனக்கு இந்த ஜென்மத்துல வராது. தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

சிவப்புப் பேனா மேலே எழுந்தது. பக்கத்து மேசையிலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். அக்காவின் பார்வை, வாரைத் திருகும் விரல்களில் போய் நின்றது. பேனாவுக்கு மூடியைப் போட்டார்.

"ஆமாண்டி, எனக்கு இங்கீதம் பத்தாதுதான்" என்றார், நெடிலை நன்றாகவே இழுத்து. சொல்லிக்கொண்டே எழுந்து, தன் நாற்காலியைத் தங்கை பக்கம் தள்ளினார்.