சும்மா இருக்காத கை

அவர் சமையலறைத் தராசில் தன் ரேஸ் வண்டியின் கிளட்ச் ரோலர்களை, விரல்நுனி அளவு குட்டி உருளைகளை, ஒவ்வொன்றாக வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூச்சை அடக்கி, முள் நிற்கும் இடத்தை உற்றுப் பார்த்தார். நகைக்கடைக்காரர்கூட தங்கத்துக்கு இவ்வளவு பயபக்தி காட்டமாட்டார். “பாத்தியா, இது ஒண்ணு மட்டும் கனமா இருக்கு. போன ரேஸ்ல என் காலை வாரினது இதுதான்” என்றார். கேக்குக்கு மாவு நிறுக்கக் கிண்ணத்தோடு காத்து நின்ற மனைவி, “தராசைத் துடைச்சுக் குடுங்க. போன தடவை கேக் பூரா கிரீஸ் வாசனை” என்றாள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் துடைத்துக் கொடுத்தார், கையிலிருந்த கிரீஸ் துணியால்.

பிழைப்புக்கு லிஃப்ட் பராமரிக்கிறார். அந்த வேலையில் அவரைப் போல ஒழுங்கான மனிதரைப் பார்க்க முடியாது. கம்பெனி சொன்ன எண்ணெய், கம்பெனி சொன்ன ஸ்க்ரூ, கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கம். கூட வேலை பார்க்கும் மெக்கானிக் ஒரு நட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகிவிட்டால், “இதென்ன உங்கப்பன் வீட்டு லிஃப்டா?” என்று எகிறுவார். யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு போனில் அலறினால் மட்டும் குரல் அப்படியே குழைந்துவிடும். “பயப்படாதீங்க. எந்த பட்டனையும் அமுக்காதீங்க. ஒண்ணும் செய்யாம சும்மா நில்லுங்க, நான் இருக்கேன்ல.” வீட்டுக்கு வந்து யூனிஃபார்மைக் கழற்றி மாட்டினால், அந்த நல்ல மனிதரும் அதோடு சேர்ந்து ஆணியில் தொங்கிவிடுவார். ஷெட்டுக்குள் நுழைகிறவர் வேறு ஆள். “கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும்?” என்பதுதான் அந்த ஆளுடைய வேதம்.

ஷெட்டில் நின்றது நாலு சக்கர ரேஸ் வண்டி. பைக் மாதிரி காலை அகட்டி உட்கார வேண்டும். ஆனால் மாற்றி மாற்றிப் போட கியர் கிடையாது; முன்னே, பின்னே, நியூட்ரல், அவ்வளவுதான். கட்டைவிரலால் த்ராட்டிலை அழுத்தினால் போதும், பெல்ட்டும் கிளட்ச்சும் தங்களுக்குள் பேசி முடிவெடுத்து வேகத்தைக் கவனித்துக்கொள்ளும். தன் வீட்டில் ஒரு காரியம் தன்னைக் கேட்காமல் தானாக நடப்பதா? அவரால் பொறுக்க முடியவில்லை. கிளட்ச்சைத் திறந்து இலேசான ரோலர்களைப் போட்டார். வண்டி புறப்படும்போது பாய்ந்தது, கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கியது. கனமான ரோலர்களைப் போட்டார். ஓட ஆரம்பித்தால் ஓடியது, ஆனால் கிளம்பவே அதற்கு மனசில்லை. இரண்டுக்கும் நடுவே சரியான எடை ஒன்று உண்டு என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது. வண்டி வாங்கும்போது உள்ளே இருந்தது அதே எடைதான் என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதோடு விட்டாரா? சைலன்சரை மாற்றினார், சத்தம் தெருமுனைவரை போயிற்று, வண்டி பழைய வேகத்தில்தான் போயிற்று. கனத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று மட்கார்டுகளைக் கழற்றி எறிந்தார். சேறெல்லாம் நேராக மூஞ்சிக்கு வந்தது. சாப்பிட உட்கார்ந்தவர், “ரெண்டு கிலோ குறைச்சிட்டேன் தெரியுமா?” என்று பெருமையடித்துக்கொண்டார். மனைவி அவருடைய தொந்தியை ஒரு பார்வை பார்த்தாள். “சந்தோஷம், இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க” என்று கரண்டியை நீட்டினாள்.

ஊருக்கு வெளியே மண்மேட்டில் நடக்கும் ரேஸில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘அடுத்த தடவை’. ஒவ்வொரு தடவையும் வழியில் எங்கேயாவது நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது அவர் சொல்லும் வார்த்தை அது. ஒருமுறைகூட கடைசிக் கோட்டைத் தாண்டியதில்லை. மனைவியின் தம்பியும் அதே மாதிரி வண்டிதான் வைத்திருக்கிறான். எண்ணெய் மாற்றுவான், கழுவுவான், ரேஸுக்கு வருவான், நடுவில் ஒரு இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். “அவனுக்கு வண்டியைப் பத்தி ஒரு இழவும் தெரியாது, பாவம்” என்று இவர் அவனுக்காக வருத்தப்படுவார்.

மனைவியோ முடி வெட்டுபவள். கை சுத்தம், வாடிக்கையும் நிறைய. இடம்தான் இல்லை. வாசலுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஷெட்டில் ஜன்னல் இருந்தது, தண்ணீர்க் குழாய் இருந்தது, தெருவைப் பார்த்த கதவும் இருந்தது. அத்தனையையும் ஒரு ஓடாத வண்டி அனுபவித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் பொறுமை தீர்ந்துபோய் நேராகவே கேட்டுவிட்டாள்.

“இந்த ஞாயித்துக்கிழமை கோட்டைத் தாண்டுங்க. ஜெயிக்க வேணாம். எல்லாருக்கும் பின்னால வந்தாலும் சரி. தாண்டிட்டா ஷெட் உங்களுக்கு, அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். தாண்டலைன்னா அது எனக்கு, என் பார்லருக்கு.”

“தள்ளிட்டு வந்தா?”

“தள்ளினா செல்லாது. இன்ஜின் ஓடணும்.”

“அட, இவ்வளவுதானா!” என்று சிரித்தார்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட மைத்துனன் ஓடி வந்தான். “மச்சான், வண்டி இப்ப நல்லாத்தான் ஓடுது. கும்பிட்டுக் கேக்கறேன், ஞாயித்துக்கிழமை வரைக்கும் கை மட்டும் வெச்சுடாதீங்க.” “சரி மாப்ள, நீ சொன்னா சரி” என்று அவன் தோளைத் தட்டி அனுப்பினார். சனிக்கிழமை அவள் காபி கொண்டுபோனபோது துளைபோடும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டை மூடும் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சல்லடைக்கண்ணாகத் துளை போட்டுக்கொண்டிருந்தார். “பெல்ட் சூடாகுது. பாவம், மூச்சு முட்டுது அதுக்கு. இப்படி மூடி வெச்சா எப்படி? கம்பெனிக்காரனுக்கு...” அவள் காபியை வைத்துவிட்டு நடையைக் கட்டினாள்.

கம்பெனிக்காரன் அந்தப் பெட்டியை ஏன் ரப்பர் வைத்து இறுக்கி மூடினான் என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

அன்று அவள் முதல்முறையாக ரேஸ் பார்க்க வந்திருந்தாள். கயிற்றுக்கு இந்தப்பக்கம் குடையோடு நின்றாள். அடேயப்பா, என்ன ஓட்டம் ஓட்டினார் தெரியுமா! மேட்டில் ஏறினார், வளைவில் இருவரைத் தாண்டினார், மூஞ்சி பூரா சேறும் சிரிப்புமாக வந்தார். அவளுக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. கடைசி வளைவுக்கு முன்னால் ஒரு தண்ணீர்க் குழி. எல்லா வண்டியும் இறங்கி ஏறிப் போயின. அவரும் இறங்கி ஏறினார். கோடு கண்ணுக்கெதிரே தெரிந்தது. இன்ஜின் வானத்துக்கும் பூமிக்குமாக அலறியது, சக்கரம் மட்டும் அசையவில்லை. மூச்சுவிடட்டும் என்று போட்ட துளை வழியாகப் பெல்ட் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டது.

எப்போதோ ஓட்டி முடித்துவிட்டு அக்காவின் பக்கத்தில் நின்ற மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். “ஈரம்தான்க்கா, பெல்ட் வழுக்குது. நியூட்ரல்ல போட்டு, சும்மா கொஞ்ச நேரம் இன்ஜினை ஓட விட்டா போதும், சுத்தற சுத்துல தானா காஞ்சிடும். ரேஸ் முடிஞ்சுதுன்னு கொடியைச் சுருட்ட இன்னும் நேரம் இருக்கு.”

அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், ஷெட் அவளுடையது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். சேற்றில் அந்த மனுஷன் ஒண்டியாக நின்ற நிற்பைப் பார்த்தாள். குடையைத் தம்பி கையில் திணித்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“என்னங்க! நியூட்ரல்ல போட்டுட்டு சும்மா உக்காருங்க! லிஃப்ட்ல மாட்டினவங்களுக்குச் சொல்வீங்கள்ல, அதேதான்! எதையும் தொடாதீங்க! தானா காஞ்சிடும்!”

அவருக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினார். நியூட்ரலில் போட்டார், உட்கார்ந்தார். கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். அந்தக் கைகள் அங்கே தங்க வேண்டுமே! ஒன்று எழுந்து காதைச் சொறிந்தது. இன்னொன்று சட்டைப்பைக்குள் போயிற்று. “வேணாங்க, வேணாங்க” என்று அவள் அலற அலற, ஸ்பேனர் வெளியே வந்தது. அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, சேற்றில் மண்டியிட்டுப் பெட்டியையும் உள்ளே இருந்த கிளட்ச்சையும் திறந்தார். ரோலர்கள் உருண்டு ஒவ்வொன்றாகக் குழிக்குள் விழுந்தன. அவர் தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்போது கொடியைச் சுருட்டிவிட்டார்கள்.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார், அதில் குறை சொல்ல முடியாது. மறுநாளே யாரும் கேட்காமல் ஷெட்டைக் காலி செய்து, வண்டியை மைத்துனன் வீட்டுக்கு அனுப்பினார். வெறும் தரையைப் பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. டீக்கடையில் மட்டும் கதை வேறு. “வேணும்னேதான்பா விட்டுக் குடுத்தேன். அவ பார்லர் வேணும்னு ஆசைப்பட்டா. கட்டினவ ஆசையைவிட ரேஸா பெருசு?” காதுக்கு வந்தபோது அவள் மறுக்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் கேட்டால், “ஆமாமா, எனக்காகத்தான்” என்று சொல்லிவிடுவாள்.

பார்லருக்குப் புது நாற்காலி வந்தது. அடியில் மிதித்தால் ஏறும், தூக்கினால் இறங்கும். முதல் ஆளாகப் பள்ளிக்கூட டீச்சர் வந்து உட்கார்ந்தார். லிஃப்ட் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர் கதவோரம் நின்று நாற்காலி ஏறுவதையே பார்த்தார். “ரொம்ப மெதுவா ஏறுது” என்றார், யாரிடமும் இல்லாமல். அப்புறம் குனிந்தார். அப்புறம் மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தார்.

டீச்சர் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “ஏங்க, சார் கீழ என்ன பண்றாரு?”

“ஒண்ணுமில்ல டீச்சர். தலையை ஆட்டாதீங்க.”

நாற்காலிக்கு அடியிலிருந்து கை ஒன்று வெளியே வந்து, தரையில் வைத்த ஸ்பேனரைத் தேடி அங்குமிங்கும் தடவியது. அவள் கத்தரியை நிறுத்தவில்லை. கண்ணாடியிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. காலை மட்டும் நீட்டி, ஸ்பேனரை அந்தக் கைக்கு எட்டும்படி மெல்லத் தள்ளிவிட்டாள்.