என் வாக்கியத்தை முடித்துவைத்தவர்

பேச்சுக் குறைபாடு உள்ளவர்களோடு விளையாட வரும் தன்னார்வலர்களுக்கு இன்று மட்டாஞ்சேரியில் பயிற்சி. அங்கே பேச என்னை அழைத்திருந்தார்கள். எழுத்தில் நான் வேகம்தான். வாயில் ஒவ்வொரு சொல்லும் திணறித்தான் வரும், பிறவியிலிருந்தே.

நான் சொல்ல நினைத்தது ஒன்றே ஒன்று: "கேரம் ஆடும்போது நான் தோத்தா, தோக்க விடுங்க."

"கேரம் ஆடும்போது" வந்தது. "நான் தோத்தா" என்பதும் வந்தது. அடுத்த சொல்லுக்கு மூச்சை இழுத்தேன்.

பக்கத்தில் நின்ற அமைப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். "சேச்சி சொல்ல வர்றது என்னன்னா, தோத்தா அவங்களுக்கு மனசு கஷ்டப்படும். அதனால கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடுங்க."

கைதட்டல் வேறு.

மேசையை ஓங்கித் தட்டினேன். அவர் மறுபடியும் வாயைத் திறப்பதற்குள், பள்ளுருத்தியிலிருந்து வந்திருந்த ஒரு தன்னார்வலப் பெண், "சேட்டா, அவங்களே முடிக்கட்டும்" என்றாள்.

முடித்தேன். முழு வாக்கியத்தையும்.

பிறகு அந்தப் பெண்ணோடு ஓர் ஆட்டம். சிவப்புக் காயைப் போட்டு, அதை உறுதியாக்கும் கவர் காயையும் கூடவே போட்டு, இரக்கமே இல்லாமல் என்னைத் தோற்கடித்தாள். இன்று உண்மையில் பயிற்சி பெற்றவள் அவள் ஒருத்திதான்.

கிளம்பும்போது அமைப்பாளர் வாசல்வரை வந்தார். "சேட்டா, நீங்க..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயோ, நன்றியெல்லாம் எதுக்கு சேச்சி" என்று கைகூப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் சொல்ல வந்தது நன்றி இல்லை. என்னவாக இருந்திருக்கும் என்று கமெண்டில் முடித்துவையுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் உங்களுக்கு அனுமதி.